மூடிய கிண்ணம்

தொழிற்சாலை கேன்டீனில் அவளுக்குக் கரண்டி அக்கா என்று பேர். அவளிடம் "போதும்" என்றால் இன்னும் இரண்டு கரண்டி விழும். வாயால் சொல்லும் "போதும்" எதையும் அவள் நம்புவதில்லை. எல்லாம் கூச்சம் என்பாள். தட்டின்மேல் கையை வைத்து மூடினால்தான் கரண்டி நிற்கும். இது தெரிந்தவர்கள், பசி அதிகமான நாட்களில் வேண்டுமென்றே முதல் கரண்டிக்கே "போதும்க்கா" என்பார்கள். லாரிக்குச் சரக்கேற்றும் ஒல்லி அதில் கெட்டிக்காரன்.

அவள் வீட்டுக்காரர் அதே தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், தட்டை மூடத் தெரியாமல் விழுந்ததையெல்லாம் தின்றுவிட்டு, மத்தியானம் ஏணியில் ஏற முடியாமல் நின்றவர். அந்த ஏணியடியில்தான் கல்யாணம் நிச்சயமானது என்று இன்றும் கேலி செய்வார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் அவர் அவள் முன்னால் தட்டை மூடியதே இல்லை.

இப்போது அவருக்குத் தசைகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வந்தன. கால்கள் போயின, இடது கை போயிற்று, நாக்கு தடிக்க ஆரம்பித்தது. குணமாகாது என்று டாக்டரம்மா மறைக்காமல் சொல்லிவிட்டாள். விழுங்க முடியாமல் போகும்போது வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைக்கலாம். வேண்டாமென்றால், வலி தெரியாமல் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருக்கவிடலாம். முடிவு அவருடையது. பேச்சு குழறத் தொடங்கிய நாட்களிலேயே அவர் சொல்லியிருந்தார்.

"குழாய் வேணாம். இதுவரைக்கும் போதும்."

அந்தப் போதும் அவள் காதில் ஏறவில்லை.

ஒரு சாயங்காலம் சூப் ஊட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாவது கரண்டியில் அவர் போதும் என்று முனகினார். இன்னும் ஒரே வாய் என்றாள். எப்போதும்போல அவள் பேச்சைத் தட்டாமல் வாயைத் திறந்தார். அந்த ஒரு வாய் புரையேறி நுரையீரலுக்குள் போய்விட்டது. காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரியில் சேர்த்து, உயிரைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஆனால் விழுங்குவது அத்தோடு நின்றுபோனது.

பஸ் ஓட்டும் மகன் யூனிபார்மைக்கூட மாற்றாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தான். குழாயை வைக்கச் சொல்லு என்று ஒற்றைக்காலில் நின்றான்.

"ஊருக்கே சோறு போட்ட கைம்மா உன்னுது. அப்பாவைப் பட்டினி போட்டுக் கொல்லப் போறியா?"

அவளுக்கும் குழாய்தான் வேண்டியிருந்தது. சூப்பை எந்தத் துணியில் வடிகட்டுவது என்பதுவரை மனதுக்குள் யோசித்து வைத்திருந்தாள். அந்த ஒரு வாய்தான் நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. டாக்டரம்மாவிடம், நானே அவரிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்கிறேன் என்றாள்.

கிண்ணத்தில் சூப் ஊற்றி, கட்டிலின் குறுக்கே இருந்த சின்ன மேசையில் வைத்தாள். ஊட்டுவதற்கில்லை என்பது அவருக்கும் தெரியும்.

"என்னங்க, குழாய் வெச்சா நானே பார்த்துப் பார்த்து ஊத்துவேன். ஒரு சொட்டு சிந்தாது. சரின்னு கண்ணை மட்டும் மூடுங்க."

அவர் கண்ணை மூடவில்லை. கொஞ்சம் உயிர் மிச்சமிருந்த வலது கை போர்வையின்மேல் நகர்ந்தது. விரல்களை ஊன்றி ஊன்றி இழுத்தார். மேசை விளிம்பில் ஏறும்போது கை வழுக்கி விழுந்தது. மகன் தூக்கிவிடக் குனிந்தான்.

"தொடாதடா," என்றாள்.

மறுபடி நகர்ந்தது. நெற்றியெல்லாம் வேர்வை. கடைசியில் விளிம்பில் தொற்றி ஏறி, கிண்ணத்தின்மேல் விழுந்தது. இரண்டு விரல் சூப்பில் நனைந்தது. உள்ளங்கை கிண்ணத்தை மூடியது.

அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். முந்தானையால் அந்த விரல்களைத் துடைத்துவிட்டு, மகனைப் பார்க்காமலேயே சொன்னாள்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்."

மகன் அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டான். ஆனாலும் தினமும் வேலை முடிந்ததும் வந்து அப்பாவுக்கு முகம் மழித்துவிட்டான். வலிக்கு மருந்து கொடுக்க ஒரு நர்ஸ் வந்து போனாள். கரண்டி அக்காவுக்கு இருந்த ஒரே வேலை, ஈரப் பஞ்சால் அவர் உதட்டை நனைப்பது. இத்தனை சின்ன வேலையை அவள் கைகள் அதுவரை செய்ததில்லை.

ஒரு கன்னம் மழித்து முடிந்திருந்தபோது மூச்சு நின்றது. மகன் அது தெரிந்தும் கத்தியைக் கீழே வைக்கவில்லை. மற்ற கன்னத்தையும் நிதானமாக மழித்து முடித்தான்.

"டவல் குடும்மா," என்றான்.

அவள் கேன்டீனுக்குத் திரும்பிய அன்று வரிசை நீளமாக இருந்தது. யாரும் சத்தம் போட்டுப் பேசவில்லை. ஒல்லி நல்ல பசியில் வந்திருந்தான். முதல் கரண்டி விழுந்ததும், பழக்க தோஷத்தில், "போதும்க்கா" என்றான்.

கரண்டி நின்றுவிட்டது.

அவன் தட்டை நீட்டியபடியே நின்றான். அவள் அடுத்த தட்டைப் பார்த்தாள்.