தங்கச்சி இருக்கும் ஊர்

ஜெயவேல் மும்பைக்கு டிக்கெட் எடுத்துவிட்டு வந்துதான் வீட்டில் சொன்னான். கேட்டுவிட்டு ஒன்றைச் செய்யும் பழக்கம் அவனுக்குக் கிடையாது. எண்ணூர் துறைமுகத்திலிருந்து மணலி யார்டுக்கு கண்டெய்னர் இழுக்கும் ட்ரெய்லர் ஓட்டுபவன் அவன். நாளில் பாதியை வண்டி வரிசையில் நின்றே கழித்துவிட்டு, அந்த எரிச்சலையும் சேர்த்து விம்கோ நகர் மாடி வீட்டுக்கு ஏறி வருவான். அன்று மட்டும் சிரித்துக்கொண்டே வந்தான். மே மாதம் லீவு கிடைத்துவிட்டதாம். தேரடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவரிடம் சொல்லி டிக்கெட்டும் போட்டாயிற்றாம்.

மூத்தவள் மதி ஒன்றாம் வகுப்பு முடித்திருந்தாள். மும்பை மிருகக்காட்சி சாலையில் பெங்குவின் இருக்கிறது என்று பள்ளியில் யாரோ சொன்னதிலிருந்து அதே பேச்சாக இருந்தவள், கட்டில்மேல் ஏறிக் குதித்தாள். அக்கா குதிப்பதைப் பார்த்து மூன்று வயது செங்குட்டுவனும் குதித்தான். அவர்களுடைய அம்மா மாயாவுக்கும் சந்தோஷம்தான். கல்யாணமாகி வந்ததிலிருந்து மகாபலிபுரத்தைத் தாண்டி அவள் எங்கேயும் போனதில்லை.

சந்தோஷம் அன்று ராத்திரி வரைதான் இருந்தது. யாரோ ஒரு இளம் ஜோடி மும்பையைச் சுற்றிக் காட்டும் வீடியோவை ஜெயவேல் போனில் வைத்திருந்தான். விடியுமுன் கிளம்பி மீன் மார்க்கெட், பிறகு கேட்வே ஆஃப் இந்தியா, படகில் ஒரு தீவு, சாயங்காலம் மரைன் டிரைவ் கடற்கரை, ராத்திரி சாப்பாட்டுக் கடைகள். அவர்கள் செய்ததை அப்படியே செய்துவிட வேண்டும் என்றான். மாயா தண்டையார்பேட்டையில் ஒரு தனியார் கிளினிக்கில் ரத்தம் எடுப்பவள். அழுகிற பிள்ளைகளோடு தினமும் மல்லுக்கட்டுபவள். அந்த ஜோடிக்குப் பிள்ளை இல்லை என்பதைத்தான் அவள் முதலில் பார்த்தாள். செங்குட்டுவன் மத்தியானம் தூங்காவிட்டால் பொழுது சாயும்வரை அழுவான். மதிக்கு பஸ்ஸில் ஏறினாலே வாந்தி வரும். ஒரு நாளைக்கு ஒரு இடம், மத்தியானம் ரூமுக்குத் திரும்பிவிட வேண்டும், அதற்குமேல் முடியாது என்றாள்.

தூங்குவதற்கு விம்கோ நகர் போதாதா, அதற்கு மும்பை எதற்கு என்று அவன் கேட்டான். மூன்று வயதுப் பிள்ளையை வெயிலில் இழுத்துக்கொண்டு ஓடுவதற்குப் பெயர் டூரா என்று அவள் கேட்டாள். தான் எதைச் செய்தாலும் குறை சொல்வதற்கென்றே அவள் பிறந்திருக்கிறாள் என்று அவன் கத்தினான். இஷ்டமில்லாவிட்டால் அவளை வீட்டிலேயே இருந்துகொள்ளச் சொன்னான். அதற்கப்புறம் மும்பை என்ற பேச்சை எடுத்தாலே வீட்டில் சண்டைதான்.

இந்தச் சண்டைக்கு நடுவில் ஜெயவேலின் அம்மா குப்பம்மா தானும் வருவதாகச் சொன்னாள். தண்டையார்பேட்டையில் ஒரு ஆபீஸைப் பெருக்கித் துடைக்கும் வேலை அவளுக்கு. ஒருநாள்கூட லீவு போடாதவள். அவளுக்கு அங்கே என்ன வேலை என்று மகன் கேட்டான். கடல் பார்க்கணும் என்றாள். இங்கே இல்லாத கடலா என்று சிரித்துவிட்டு, அவளுக்கும் சேர்த்து டிக்கெட் போட்டான்.

ஒரு நாள் மாயா மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கூட நின்று பிழிந்து கொடுத்துக்கொண்டிருந்த குப்பம்மா தற்செயலாகச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"புதன்கெயம பெங்குவின் பாக்கப் போவாதீங்க. அன்னிக்கு மூடிருப்பான். லோக்கல் ரயிலு ஏறுனா லேடீஸ் பொட்டியா பாத்து ஏறு. சாயங்காலம் ஆபீஸ் வுடுற நேரத்துல புள்ளைங்கள இஸ்துகினு ஏறாத."

மாயா துணியைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினாள். செங்கல்பட்டைத் தாண்டாத மாமியாருக்கு மும்பை லோக்கல் ரயில் எப்படித் தெரியும்? குப்பம்மா அவள் முகத்தைப் பார்க்காமல் ஈரச் சட்டை ஒன்றை மறுபடி மறுபடி முறுக்கினாள். நர்மதா அங்கேதான் இருக்கிறாள் என்று கடைசியில் சொன்னாள்.

நர்மதா ஜெயவேலின் தங்கை. மாயா அவளை நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவள் கதை தெரியும், தெரியாதவர்கள் யாருமில்லை. குடும்பம் அப்போது வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் இருந்தது. நர்மதா ராயபுரத்தில் ஏசி மெக்கானிக்காக இருந்த மஜீதைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். சில வாரங்களிலேயே ஜெயவேல் அவள் போட்டோவைப் போட்டு, மாலை வரைந்து, கண்ணீர் அஞ்சலி என்று பெரிய எழுத்தில் பேனர் அடித்துத் தெருமுனையில் கட்டினான். பெயருக்குக் கீழே இறந்த தேதியும் போட்டான். மொட்டை அடித்துக்கொண்டு பதினாறாம் நாள் காரியமும் செய்தான். அதன் பிறகு அந்த வீட்டில் நர்மதா என்று யாரும் சொல்லக்கூடாது. மஜீது அவளை எங்கோ துபாய்க்குக் கூட்டிப்போய்விட்டான் என்றுதான் ஜெயவேல் நினைத்துக்கொண்டிருந்தான்.

குப்பம்மாவோ சில வருஷமாகவே மகளோடு பேசி வந்தாள். ஆபீஸில் எல்லோரும் சாப்பிடப் போகும் நேரத்தில், வாட்ச்மேன் போனில். பேனரைப் பற்றி மட்டும் இருவரும் பேசியதில்லை.

மாயா நம்பரை வாங்கிக்கொண்டு மறுநாள் கிளினிக்கிலிருந்து பேசினாள். நர்மதா சந்தோஷப்படுவாள் என்று ஏதோ ஒரு எண்ணம் அவளுக்கு. அப்படி எதுவும் நடக்கவில்லை. நர்மதா கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். எந்த ஸ்டேஷனில் இறங்கினால் படி ஏற வேண்டாம், பிள்ளைகளுக்கு எங்கே தண்ணீர் வாங்கலாம், கேட்வேயில் எந்த நேரம் நிழல் இருக்கும் என்று வரிசையாகச் சொன்னாள். குரல் மட்டும் இறுகியே இருந்தது.

"உங்களுக்கோசரம் சொல்லல, அண்ணி. புள்ளைங்க வெயில்ல காயக்கூடாதுன்னு சொல்றேன். பேனர் கட்டுனப்போ நீங்க அங்க இல்ல, எனக்குத் தெரியும். ஆனா அந்த வூட்லதான நீங்களும் சோறு துன்றீங்க."

மாயாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அடுத்தடுத்த நாள்களில் அவளே மறுபடி கூப்பிட்டாள். ஒருமுறை மதியும் பேசினாள். பெங்குவின் ஐஸ் சாப்பிடுமா என்று கேட்டாள். நர்மதா அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மதி வாயில் சோற்றோடு சொன்னாள்:

"அப்பா, பெங்குவினுக்கு ரூமு ஃபுல்லா ஏசி போட்டிருப்பாங்களாம். நர்மதா அத்தை சொன்னாங்க."

ஜெயவேலின் கை தட்டில் நின்றது. எந்த அத்தை என்று மெதுவாகக் கேட்டான். மதி அம்மாவைப் பார்த்தாள். தான் என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் அவள் உதடு கோணியது. மாயா வாயைத் திறப்பதற்குள் குப்பம்மா முந்திக்கொண்டாள். தான்தான் பேசுவதாகவும், ரொம்ப நாளாகப் பேசுவதாகவும், மகள் மும்பையில் குர்லா பக்கம் இருப்பதாகவும், ஒரு பேரன் இருப்பதாகவும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

அவன் தட்டைக் காலால் தள்ளினான். குழம்பு சுவரில் தெறித்தது. செங்குட்டுவன் வீறிட்டான்.

"செத்தவகிட்ட இன்னாத்த பேசுற? சொல்லு. அவ வூட்டுக்குப் போறதுக்குத்தான் கடலு பாக்கணும்னியா?"

மாயா பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். இத்தனை நாளும் இந்த வீட்டில் ஒரு பெண் உயிரோடு செத்திருந்ததைத் தானும் சாதாரணமாக எடுத்துக்கொண்டு சோறாக்கி வந்தது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. போனை எடுத்து நர்மதாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். உங்கள் அண்ணன் இங்கே இருக்கிறார், பேசுங்கள் என்றாள்.

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. நர்மதா அடுப்பை அணைத்துவிட்டுப் பேசினாள்.

"நீ போட்ட பேனர யாரோ எனக்கு போட்டோ புடிச்சு அனுப்புனாங்க. நா செத்த தேதின்னு ஒண்ணு போட்டிருந்தியே, அன்னிக்கு நா ஆஸ்பத்திரில வாந்தி எடுத்துகினு கெடந்தேன். என் புள்ள வயித்துல இருந்தான். பெட்ல உக்காந்துகினு என் பேர நானே படிச்சேன். இப்ப டூர் வர்றியா, வா. ஊரு பொதுவு. அண்ணி வரட்டும், புள்ளைங்க வரட்டும். அம்மா வந்து எனக்கு பதில் சொல்லட்டும். நீ மட்டும் என் வாசப்படி மிதிக்காத. செத்தவ வூட்ல உனக்கு இன்னா வேல?"

"எனக்குத் தங்கச்சியே கெடையாது" என்றான் ஜெயவேல். போனைப் பிடுங்கி அணைத்தான்.

மும்பை கிடையாது, பெங்களூர் போகலாம், இல்லாவிட்டால் எங்கேயும் வேண்டாம் என்று அன்றே தீர்ப்புச் சொன்னான். டூருக்கென்று வாங்கிய டிராலி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ட்ரெய்லர் கேபினில் போட்டுப் பூட்டினான். பெட்டி இல்லாவிட்டால் எப்படிக் கிளம்புவாள் என்று நினைத்தான்போல. டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லிக் கடைக்காரருக்கும் போன் போட்டான். ஆனால் டிக்கெட் எடுக்கும்போது அவன் கொடுத்திருந்தது மாயாவின் நம்பர். ரத்து செய்யவா என்று கடைக்காரர் அவளைத்தான் கேட்டார். மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் தேரடியில் இறங்கி, ஒரு ஆளை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றாள் மாயா.

"சார் வரலியாம்மா?"

"இல்ல."

கிளம்பும்வரை ஜெயவேல் அவளோடு பேசவில்லை. பேசியதெல்லாம் பிள்ளைகள் வழியாகத்தான். உங்கம்மா போனால் திரும்பி வரவேண்டாம் என்று சொல், என்று மதியிடம் சொன்னான். மதி அதை அப்படியே வந்து சொன்னாள், என்ன அர்த்தம் என்று கேட்டாள். மாயா துணிகளைக் கட்டைப் பைகளிலும் மதியின் பள்ளிக்கூடப் பையிலும் அடைத்தாள். குழந்தைக்குப் பால் பவுடர், வாந்திக்கு எலுமிச்சம்பழம், மாற்று ஜட்டிகள். கிளம்பும் நாள் காலையில் அவன் வாசலில் நின்று பார்த்தான். தடுக்கவும் இல்லை, ஒரு பையைத் தூக்கிக் கொடுக்கவும் இல்லை. அப்பா எப்போது வரும் என்று செங்குட்டுவன் மெட்ரோ முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தான். சென்ட்ரலில் கூட்டத்தைப் பார்த்ததும் அந்தக் கேள்வி அவனுக்கு மறந்துபோனது.

தாதர் ஸ்டேஷனுக்கு நர்மதா தனியாக வந்திருந்தாள். பேனரில் இருந்ததைவிடப் பருத்து, கண்ணாடி போட்டிருந்தாள். குப்பம்மா அழுதுகொண்டே கையை நீட்டினாள். நர்மதா ஒரு அடி பின்னால் போய், கீழே கிடந்த பைகளை எடுத்துக்கொண்டாள்.

குர்லா வீடு சின்னதுதான். மஜீது பிள்ளைகளுக்கு பிஸ்கட் வாங்கி வைத்துவிட்டு, வேலை இருப்பதாகச் சொல்லி வெளியே போய்விட்டார். நர்மதா தன் அண்ணியிடமும் பிள்ளைகளிடமும் பேசினாள்; அம்மாவிடம் சாப்பாட்டுத் தட்டை நீட்டியதோடு சரி. ஒரு நாளைக்கு ஒரு இடம்தான் போனார்கள். பெங்குவின் கண்ணாடிக்கு முன்னால் மதி மூக்கை அழுத்திக்கொண்டு நின்றாள். அவளைவிட ஒரு வயது பெரியவனான நர்மதாவின் மகன், எல்லாப் பெங்குவினுக்கும் பெயர் தெரிந்தவன்போல ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தான். செங்குட்டுவன் மர நிழலில் மாயாவின் மடியில் தூங்கிவிட்டான்.

அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது நர்மதா முதல் தடவையாக அம்மாவிடம் நேராகக் கேட்டாள்.

"பேனர் கட்டுனப்போ நீ எங்க இருந்த?"

குப்பம்மா பொய் சொல்லியிருக்கலாம். மயக்கம் போட்டுக் கிடந்தேன் என்றோ, வீட்டுக்குள் அழுதுகொண்டிருந்தேன் என்றோ சொல்லியிருக்கலாம். மாயா அப்படித்தான் எதிர்பார்த்தாள்.

"கயிறு நாந்தான் எட்த்து குட்த்தேன்" என்றாள் குப்பம்மா.

நர்மதா எழுந்து பிள்ளைகளிடம் போய்விட்டாள். அன்று அடுப்படியில் பாத்திரங்கள் இடிபட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

ஊர் திரும்பும் நாளன்று குப்பம்மா கிளம்பவில்லை. சேலை மாற்றாமல், பையை எடுக்காமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். தான் வரவில்லை என்று மாயாவிடம் சொன்னாள். யார் இங்கே இருக்கச் சொன்னது என்று நர்மதா சீறினாள். குப்பம்மா எழுந்திருக்கவில்லை. நர்மதாவும் அம்மாவின் பையை மட்டும் விட்டுவிட்டு மற்றப் பைகளைக் கொண்டுபோய் ஆட்டோவில் வைத்தாள்.

விம்கோ நகர் வீட்டுக்கு மாயா வந்து சேர்ந்தபோது கதவு திறந்தே இருந்தது. ஜெயவேல் அன்று வண்டி எடுக்கவில்லை. மதி ஓடிப்போய் அவன் காலைக் கட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்ல ஆரம்பித்தாள். அவன் அவளைக் கவனிக்கவில்லை. மாயாவின் தோளுக்குப் பின்னால் படியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா எங்க?"

"உன் தங்கச்சி வூட்ல கீறாங்க. வர மாட்டாங்களாம். வேணும்னா நீயே போயி கூட்டிகினு வா."

அவன் முகம் கறுத்தது. வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். யாரைக் கேட்டு அம்மாவை அங்கே விட்டுவந்தாள் என்று கேட்டான். போனால் திரும்பி வரவேண்டாம் என்று மதியிடம் சொல்லி அனுப்பியதை நினைவூட்டினான். மாயாவின் தோளில் செங்குட்டுவன் தூங்கிக்கொண்டிருந்தான். இரண்டு கையிலும் பைகள் கனத்தன.

"தள்ளு. புள்ள தூங்குது" என்றாள்.

அவன் உடனே நகரவில்லை. அவள் குரலை உயர்த்தவும் இல்லை, திரும்பிப் படியிறங்கவும் இல்லை. அவன் நகரும்வரை அங்கேயே நின்றாள்.