ரிக்கற் ஜன்னலில் ஒரு மீசை

ஞாயிறு காலையில் என் மனுசி றஞ்சிதம் கூறைக்கு அடுத்த நல்ல சேலையை உடுத்திக்கொண்டு நின்றாள்.

"எங்கை வெளிக்கிட்டாய்?"

"ஸ்ரேசனுக்கு."

"அங்கை றெயின் வந்து எவ்வளவு காலம்."

"ஆள் இருக்கிறார்தானே."

ஆள் என்பது ஒரு பொம்மை. கொழும்பு மருதானைப் பக்கம் மூடிக்கிடந்த பழைய ஸ்ரேசனுக்கு வெள்ளையடித்துக் காட்சிக்கு வைத்தவர்கள், ரிக்கற் ஜன்னலுக்குப் பின்னால் ஸ்ரேசன் மாஸ்ரர் ஒருவரையும் செய்து இருத்தியிருந்தார்கள். செய்தவனுக்கு என்மேல் என்ன கோபமோ, எங்கள் ஊர்க் கொடிகாமத்து ஸ்ரேசன் மாஸ்ரர் தில்லைநாதனின் மீசையை அப்படியே வைத்துவிட்டான். றஞ்சிதத்தை முதலில் கலியாணம் பேசியது அந்தத் தில்லைநாதனுக்கு. அவருடைய சாதகம் பொருந்தவில்லை, என்னுடையது பொருந்தியது. சண்டையில் வடக்கு றெயின் பாதை மூடி, நாங்கள் வெள்ளவத்தை மாடி அறையொன்றில் ஒதுங்கிய பிறகு அவர் இப்படி வந்து குந்துவார் என்று எந்தச் சாத்திரியும் சொல்லவில்லை.

வீட்டில் அவள் என்னோடு கதைப்பது குறைவு. அந்த மீசையோடு மட்டும் ஓயாத கதை. நான் கிட்டப் போனால் நிறுத்திவிடுவாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

வாசல் காவலுக்கு நின்ற கொட்டாஞ்சேனைக் கிளெமென்ற் என் சினேகிதன். "பொம்மைய பெயின்ட் அடிக்க எடுத்துட்டாங்க அண்ணே. கதிர சும்மாதான் கெடக்கு" என்றான். அடுத்த ஞாயிறு அவளுக்கு முந்திப் போய், கோட்டும் தொப்பியும் நாடகத்து ஒட்டுமீசையுமாகக் கதிரையில் ஏறினேன்.

முதலில் வந்தவன் ஆமிக்காரன். கிளெமென்றிடம் அடையாள அட்டை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமும் கை நீட்டினான். நான் அசையவில்லை. நெற்றியில் விரலால் தட்டினான். "ஹொந்தட்ட ஹதலா" என்றான். நன்றாகச் செய்திருக்கிறார்களாம். கொழும்பில் வடக்கத்தியான் ஒருவன் அட்டை காட்டாமல் தப்பியது அன்றுதான்.

பிறகு றஞ்சிதம். ஜன்னலுக்குள் கையை விட்டு, லேஞ்சியால் என் கன்னத்துத் தூசியைத் துடைத்தாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து என்னை அப்படித் துடைத்ததில்லை. அந்தக் கன்னத்தின்மேல் எனக்கே எரிச்சல் வந்தது.

"மாஸ்ரர்," என்றாள், "பாதை திறந்தால் முதல் றெயினிலை கொடிகாமத்துக்கு ரெண்டு ரிக்கற் தாங்கோ. இவருக்கு ஜன்னல் பக்கம். காத்துப் படாட்டில் சத்தி எடுப்பார். வீட்டிலை ஊர்க்கதை எடுத்தால் மனுசன் சாப்பிடாது, அதுதான் உங்களிட்டைச் சொல்லுறன்."

சொல்லிவிட்டு உள்ளங்கையை விரித்து நீட்டினாள். காட்சிக்கு வைத்த பழைய ரிக்கற் மட்டைகள் என் விரலுக்குப் பக்கத்திலேயே கிடந்தன. அவள் கையை எடுக்கவில்லை. மணிக்கட்டில் வளையல் சரிந்து ஜன்னல் பலகையில் மெல்லத் தட்டியது.