தாய்மாமன் மடி

1

இந்தக் கதை தென்னூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் தொடங்கியது. பெயர் கூப்பிட வந்த அக்கா என்னைப் பார்த்து, "நல்லா தண்ணி குடிச்சிருக்கீங்களாம்மா?" என்று கேட்டாள். அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எனக்குத்தாங்க."

எனக்கு இருபத்திரண்டு. அம்மாவுக்கு நாற்பத்தொன்று. உட்கார்ந்திருந்தவர்கள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

2

முதல் வரைவில் அம்மாவை அனுசுயா என்ற பக்கத்து வீட்டுக்காரி ஆக்கினேன். 'தாய்மைக்கு ஏங்கிய அனுசுயா ஒரு நாள்—'

அடித்துவிட்டேன். (அவளுக்கு ஒரு மகள் இருப்பதை அந்த வாக்கியத்துக்குள் எங்கும் வைக்க முடியவில்லை.)

நடந்தது இதுதான். தம்பி வளவன் பிறந்ததும் அம்மா குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டாள். இரண்டு வருடம் முன்பு அவன் துறையூர் ரோட்டில் பைக் விபத்தில் இறந்தான். கருமாதிக்கு வந்த ஸ்ரீரங்கத்து அத்தை என்னை வைத்துக்கொண்டே கேட்டாள்:

"ஏன் அண்ணி, நாளைக்கு இவ புள்ளைக்குக் காது குத்தணும்னா யாரு மடியில உக்கார வைப்பீங்க?"

எங்களில் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள். எனக்கு இன்னும் மாப்பிள்ளையே பார்க்கவில்லை.

அவன் பிறந்தபோது வெட்டிய கருக்குழாயை அம்மா மறுபடி ஆபரேஷன் செய்து இணைத்துக்கொண்டாள்.

"உனக்காகத்தான்டி," என்றாள்.

3

(இந்த அம்மாவை நீங்கள் நம்புவீர்களா? எனக்கே சந்தேகம். "என் புள்ளைக்குக் காது குத்துறப்ப மாமனுக்கே பால் பல்லுதாம்மா இருக்கும்," என்றேன். அவள் சிரிக்கவில்லை. "அதனால என்ன, நீ மெதுவா கட்டிக்க.")

4

வீட்டில் பார்த்த சோதனையில் இரண்டு கோடு வந்திருந்தது. நான் விலங்கியல் படித்தவள் என்பதால் அம்மா ஸ்கேன் அறைக்குள் என்னையும் அழைத்துப் போனாள்.

"கர்ப்பப்பையில இன்னும் ஒண்ணும் தெரியல," என்றார் டாக்டர். "ரொம்ப ஆரம்பமா இருக்கலாம். இணைச்ச குழாயிலயே தங்கியும் இருக்கலாம். ரெண்டு நாள் கழிச்சு ரத்தம் பாத்துடுவோம். நடுவுல வலிச்சா உடனே வந்துருங்க."

சத்திரம் பேருந்து நிலையத்தில் அம்மா கேட்டாள். "குழாயில இருந்தா அங்கயே வளராதா?"

"வளராதும்மா. வெடிச்சுரும். உன் உயிருக்கே ஆபத்து."

"ஆம்பளப் புள்ளையா இருந்தாலுமா?"

என் பதிலை இங்கே எழுதி எழுதி அழித்தேன். உண்மையில் நடந்தது இதுதான்: பஸ் வந்துவிட்டது.

5

அந்த இரண்டு நாளுக்குள் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். குழந்தை கர்ப்பப்பையில் இருக்கிறது, ஆண், அத்தை சர்க்கரை கொடுக்கிறாள்: ஒரு முடிவு. குழாயில் இருக்கிறது, அம்மாவை உள்ளே தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்: அதை இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. அல்லது பெண் பிறக்கிறது. அத்தை தன் கேள்வியை மகள்கள் இருவருக்குமாகக் கேட்கிறாள்.

எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் வைத்திருந்தேன். அதில் அம்மாவுக்கு நான் ஒருத்தியே போதும். எத்தனை முறை எழுதினாலும் அந்த முடிவில் அம்மா வாய் திறப்பதில்லை. முடிந்தால் நீங்கள் அவளைப் பேச வையுங்கள்.