மழைக்கு மட்டும் நிற்கும் வண்டி

மழை வந்தால் பட்டறைப் பக்கம் ஒரு ஈ காக்கை வராது. ஆனாலும் வானம் இருட்டியதும் இந்த மெக்கானிக் ஸ்டூலைத் துடைத்து வைத்துவிடுவார். மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருஷம். பட்டறைக்குப் பின்னால் ஒற்றை அறை, ஒற்றைத் தட்டு. நாள் முழுக்க எஞ்சின்களோடு பேசலாம்தான். சாப்பிட்டாயா என்று அவை கேட்காதே.

மழையில் வருகிறவள் ஒரு நர்ஸ். வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்ப்பவள். வண்டி அவளுடைய தம்பியுடையது. அவன் வெளியூர் போகுமுன், ஆசை யாரை விட்டது, சீட்டுக்கு அடியில் டியூனர் என்று ஒரு பெட்டியைப் பொருத்தியிருந்தான். எஞ்சினுக்குப் போகிற பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி. வெயிலில் வண்டி பறக்கும். நாலு தூறல் விழுந்தால் விக்கி விக்கி நின்றுவிடும்.

கோளாறை அவர் முதல் நாளே பிடித்துவிட்டார். பெட்டியைக் கழற்றிவிட்டு வயரை நேராக மாட்டிப் பார்த்தார், வண்டி ஒழுங்காக ஓடியது. ஆக, வில்லங்கம் பெட்டிப் பக்கம்தான். அதன் பிளக்கைப் பிரித்தால் உள்ளே தண்ணீர், பின்களில் பச்சைக் களிம்பு, ரப்பர் வளையத்தில் வெடிப்பு. களிம்பைச் சுரண்டி, வளையத்தை மாற்றி, கிரீஸ் தடவி, பிளக்கின் வாய் கீழே பார்க்கக் கட்டிவிட்டால் தீர்ந்தது. அரை மணி நேர வேலை.

அவர் அதைச் செய்யவில்லை. மனைவியின் ஹேர் டிரையரைக் கொண்டுவந்து ஈரத்தை மட்டும் உலர்த்தினார். அது காய்கிற வரைக்கும் அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, அன்றைக்குப் பிறந்த இரட்டைப் பிள்ளைகளைப் பற்றி வாய் ஓயாமல் பேசினாள். கிளம்பும்போது, “சாப்பிட்டீங்களாண்ணா?” என்றாள். மனுஷனுக்கு அது போதுமாக இருந்தது. அடுத்த மழைக்கும் டிரையர்தான். அதற்கடுத்த மழைக்கும்.

நாலாவது மழையில் தொப்பலாக நனைந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. வழியில் வண்டி நின்றுபோக, பிரசவ வீட்டுக்கு ஓடியே போயிருக்கிறாள். அதற்குள் குழந்தை பிறந்துவிட்டது, கழுத்தில் தொப்புள்கொடி சுற்றி. பக்கத்து வீட்டுக்காரிதான் எப்படியோ எடுத்துவிட்டிருக்கிறாள். பிள்ளை பிழைத்துக்கொண்டது.

“கொஞ்ச நேரம் அழவே இல்லையாம்ணா,” என்றாள். “இந்த வண்டிய நான் நம்பல. நீங்க இருக்கீங்கன்னுதான் இதுலயே போறேன்.”

இந்தத் தடவை அவர் டிரையரை எடுக்கவில்லை. சுரண்டினார், வளையத்தை மாற்றினார், கிரீஸ் தடவினார், பிளக்கைத் திருப்பிக் கட்டினார். ஒரு குடம் தண்ணீரை அதன் மேலேயே ஊற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தார். எஞ்சின் ஒரு விக்கல்கூட விக்கவில்லை.

“இவ்வளவுதானா?” என்றாள் அவள்.

“இவ்வளவுதாம்மா. மொத நாளே செஞ்சிருக்கலாம்.”

“ஏன் செய்யல?”

அவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “செஞ்சா நீ வர மாட்டியே.”

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் வண்டியில் ஏறிப் போய்விட்டாள். சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை.

அடுத்த மழை பத்து நாள் கழித்து வந்தது. பழக்கதோஷம், ஸ்டூலைத் துடைத்து வைத்தார். தெரு முனையில் அந்த எஞ்சின் சத்தம் கேட்டதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டி கொட்டுகிற மழையில் பட்டறையைத் தாண்டி, எங்கும் தடுமாறாமல், அடுத்த பிரசவத்துக்குப் போனது. சத்தம் தேய்ந்து மறையும் வரை கேட்டுக்கொண்டிருந்தார். வேலை சுத்தம். ஸ்டூலை எடுத்து உள்ளே வைத்தார்.