முப்பத்தேழு கோப்புகள்

வியாழக்கிழமை காலை ஆறே முக்கால் மணி. கொல்லையில் அம்மா அப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அதற்கு இருபது நிமிடமாவது ஆகும். அதற்குள் அப்பாவுக்குத் தெரியாமல் ஒரு புது விளையாட்டை ஏற்றிவைத்துவிடலாம் என்று தொலைக்காட்சிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, கைப்பேசியில் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியின் பக்கத்தைத் திறந்தேன். தொட வேண்டிய இடத்துக்குச் சற்று மேலே விரல் பட்டுவிட்டது. பெட்டியில் பதிவான ஆட்டங்களின் நீளமான பட்டியல் வந்தது. கோப்பின் பெயர், தேதி, நேரம். மூடப் போனவள் நேரத்தைப் பார்த்து நின்றேன். காலை 10.52. காலை 11.37. காலை 10.44. பகல் 12.08.

பகலில் அந்தப் பெட்டியை யாரும் தொடுவதில்லை. நான் கீரமங்கலம் ஜெராக்ஸ் கடையில் இருப்பேன். அம்மா களையெடுக்கப் போயிருப்பாள். அப்பா மட்டும்தான் வீட்டில் இருப்பார். அப்பாவுக்கு வலது கை வராது.

அப்பா வெள்ளைச்சாமி இருபத்து மூன்று வருடம் சவுதியில் டிரெய்லர் ஓட்டியவர். போன மார்ச்சில் வண்டியின் படியிலிருந்து தவறி விழுந்து, தோளில் நரம்பு இழுபட்டு, வலது கை செத்ததுபோல் தொங்கிவிட்டது. நரம்பு அறுந்துவிடவில்லை, சில மாதங்களில் கை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று அங்கே சொல்லி ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் கை சரியாகிவிட்டது என்று டாக்டர் கடிதம் கொடுத்தால் கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமைதோறும் ஆலங்குடிக்குப் போய் வனிதா மேடத்திடம் பிசியோதெரபி. நான் எதையும் நேரம் போட்டு எழுதிவைக்கிறவள் என்று தெரிந்துகொண்டு அவர்தான் என்னிடம் ஒரு நோட்டைக் கொடுத்தார். தினமும் மாலையில் ஐந்து விரலையும் ஒவ்வொன்றாக அசைக்கச் சொல்லி, வந்ததா வரவில்லையா என்று குறிக்க வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட நாட்கள் எழுதியிருக்கிறேன். எல்லாப் பக்கத்திலும் ஒரே வாசகம்தான்: அசைவு இல்லை.

எக்ஸ்பாக்ஸ் என் அண்ணன் அரவிந்த்குமாருடையது. புனேயில் வேலை கிடைத்ததும் இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டான். அதில் டெவலப்பர் மோட் என்று ஒன்று இருப்பதை மாலையில் நான் போகும் கம்ப்யூட்டர் வகுப்பில்தான் தெரிந்துகொண்டேன். விளையாட்டு எழுதிப் பழகுகிறவர்கள் தாங்கள் எழுதியதைப் பெட்டிக்குள் போட்டுப் பார்ப்பதற்காக வைத்திருக்கும் வழி அது. அந்த வழியாக எமுலேட்டர் என்ற மென்பொருளை ஏற்றிவிட்டால், முப்பது வருடத்துக்கு முந்தைய கேசட் விளையாட்டுகள்கூடப் புதுப் பெட்டியில் ஓடும். ‘கையில எதையாவது குடுத்து அமுக்கச் சொல்லு’ என்று வனிதா மேடம் சொன்னதால் அப்பாவுக்காகச் செய்தேன். திரையில் வந்த எண்ணை இணையத்தில் அடித்து, பெட்டியைப் பதிவு செய்து, இரண்டு முறை தவறாகி, மூன்றாம் முறை வந்தது. அண்ணன் சின்னவனாக இருந்தபோது அப்பா முதல் விடுமுறையில் வாங்கிவந்த ஹெலிகாப்டர் விளையாட்டைத் தேடி ஏற்றினேன். இங்கே அடிக்கடி கரண்டு போகும் என்பதால், சில நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்டம் தானாகவே பதிவாகும்படியும், ஒவ்வொரு ஆட்டமும் தனித்தனி எண்ணில் இருக்கும்படியும் வைத்தேன். அப்பா கன்ட்ரோலரை வாங்கினார். வலது கையிலிருந்து அது நழுவி மடியில் விழுந்தது. “வரலத்தா. நீ வெளாடு, நான் பாக்குறேன்” என்றார். அதற்குப் பிறகு நான் அவரை வற்புறுத்தவில்லை.

பெட்டியின் கடிகாரம் தவறாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். அமெரிக்க நேரத்தில் இருந்தால் நம் இரவு அங்கே பகல். அப்படியானால் இவை நான் இரவு ஒன்பதரைக்கு விளையாடியவையாக இருக்கலாம். உடனே ஆட்டத்தைத் திறந்து, பதிவு செய்து, பட்டியலைத் திரும்பப் பார்த்தேன். காலை 6.53. சுவர்க்கடிகாரத்திலும் அதேதான். கீழே தேடியபோது என் ஆட்டங்களும் இருந்தன. இரவு 9.31, இரவு 9.40, எல்லாம் சரியாகவே இருந்தன.

பகல் கோப்புகளை மட்டும் எண்ணினேன். நாளுக்கு ஒன்றாக முப்பத்தேழு. எமுலேட்டர் போட்ட மறுநாளிலிருந்து நேற்றுவரை ஐம்பத்திரண்டு நாள். நானும் அம்மாவும் வீட்டில் இருக்கும் ஞாயிறுகள் ஏழு. ஆலங்குடிக்குப் போகும் வெள்ளிகள் ஏழு. அந்தப் பதினான்கு நாளிலும் ஒரு கோப்புகூட இல்லை. கழித்தால் முப்பத்தெட்டு வர வேண்டும், ஒன்று குறைந்தது. ஜூலை மூன்றாம் தேதி விடுபட்டிருந்தது. என் நாட்குறிப்பை எடுத்துப் புரட்டினேன். ‘அம்மாவுக்குக் காய்ச்சல். வேலைக்குப் போகவில்லை.’

இடது கையால் மட்டுமே ஆடியிருக்கலாமே என்று ஒரு கடைசிச் சந்தேகம். அது சந்தேகமில்லை, வேண்டுதல் என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது. வலது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு ஆடினேன். ஹெலிகாப்டரை இடது கட்டைவிரல் திருப்பும். ஆனால் மேலே தூக்கவும் சுடவும் வலது பக்கப் பொத்தான்களை விடாமல் தட்ட வேண்டும். மூன்று முறை ஆடினேன், மூன்று முறையும் முதல் பாலத்துக்கு முன்பே தண்ணீரில் விழுந்தது. பிறகு அந்த முப்பத்தேழையும் வரிசையாகத் திறந்தேன். முதல் பத்துப் பன்னிரண்டிலும் ஹெலிகாப்டர் பாலத்தைத் தாண்டவில்லை. பதிமூன்றாவதில் தாண்டியிருந்தது. இருபதாவதில் மூன்றாம் கட்டம். நேற்றைய கோப்பில் ஏழாம் கட்டம். நான் இரண்டைத் தாண்டியதே இல்லை. ஒரு கை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிவந்த கணக்கு அந்தப் பெட்டியில் நாள்வாரியாக இருந்தது. என் நோட்டில் இருந்தது பொய்.

கொல்லையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது.

“கைய இங்கிட்டு நீட்டுங்க... இருங்க இருங்க, நானே தூக்குறேன். ஒங்களால ஆவாது” என்றாள் அம்மா.

தொலைக்காட்சியை அணைத்தேன். அம்மா அப்பாவின் வலது கையை ஒரு குழந்தையைத் தூக்குவதுபோல் தன் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். நான்கு மணிக்கே எழுந்து முல்லை பறித்துப் பூக்கடையில் போட்டுவிட்டு வந்தவள். ஈரத் துண்டு அவள் சேலையையும் நனைத்திருந்தது. அப்பாவுக்குத் துவட்டிவிட்டாள், வேட்டி கட்டிவிட்டாள், தலை சீவிவிட்டாள், இட்லியைப் பிட்டு வாயில் வைத்தாள். அப்பா வாயைத் திறந்தார். தினமும் பார்ப்பதுதான். இன்றைக்கு என்னால் பார்க்க முடியவில்லை.

கடையில் ஒருவருடைய ரேஷன் கார்டின் பின்பக்கத்தை மட்டும் நாற்பது பிரதி எடுத்தேன். “ஏம்மா, கார்டுல என் மூஞ்சி புடிக்கலன்னா நேரா சொல்லிருக்கலாம்ல?” என்றார் அந்த ஆள். எல்லோரும் சிரித்தார்கள். வகுப்புக்கும் போகவில்லை.

ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்தபோது மாமா உதயசூரியன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அம்மாவின் தம்பி. அப்பாவை முதலில் சவுதிக்கு அனுப்பிய ஏஜென்டைப் பிடித்துக் கொடுத்தவர் அவர்தான். அதனால் அப்பாவின் வேலையைத் தன்னுடையதுபோலவே பேசுவார்.

“வாம்மா கலெக்டரு. நோட்டு எழுதியாச்சா? என்ன மச்சான், ஒங்க கைய விட இந்தப் புள்ள கைதான் அதிகமா வேல பாக்குது.”

அப்பா சிரித்தார்.

“சிரிங்க, சிரிங்க. கம்பெனிக்காரன் ரெண்டு தடவ போன் அடிச்சுட்டான். நாளைக்கு வனிதா மேடமும் டாக்டரும் சேந்து பாக்குறாகளாம். நோட்டுல லேசா அசைவு இருக்குன்னு தெரிஞ்சாக்கூடப் போதும், கடுதாசி குடுத்துருவாக. டிக்கெட்ட நான் பாத்துக்கிறேன்.”

“கை வந்துட்டா பால்குடம் எடுக்குறதா வேண்டிருக்கேன்டா” என்றாள் அம்மா. “போறதும் போவாததும் அப்பறம். மொதல்ல இவுக தன் கையால ஒரு வாய் சோறு திங்கட்டும்.”

அப்பா தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது துண்டுக்கு அடியில் மடியில் கிடந்தது. ஒரு துளி அசைவில்லை. எவ்வளவு பழகியிருக்க வேண்டும் அதற்கு.

மாமா போனார். அம்மா பால் வாங்க சொசைட்டிக்குப் போனாள். கேட்பதா வேண்டாமா என்று நான் முடிவு செய்யவில்லை. நேற்றைய கோப்பைத் திறந்துவிட்டு கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். திரையில் ஹெலிகாப்டர் ஏழாம் கட்டத்தில் இரண்டு பாறைகளுக்கு நடுவே நின்றது. ஆட்டம் ஓடத் தொடங்கியது. எனக்கு அந்த இடம் பழக்கமில்லை. ஹெலிகாப்டர் இறங்கிக்கொண்டே போனது.

அப்பாவின் மடியில் துண்டு அசைந்தது. கட்டைவிரல் இருக்கும் இடத்தில், டக் டக்கென்று, மூன்று முறை.

ஹெலிகாப்டர் விழுந்தது. அப்பா என்னைப் பார்த்தார். நான் அவரை அதற்குமுன் அப்படிப் பார்த்ததே இல்லை. முகத்தில் ரத்தமே இல்லை.

“பழைய பெட்டியில ஆஃப் பண்ணுனா எல்லாம் போயிருமேத்தா” என்றார்.

“இது போவாதுப்பா. கரண்டு போனாலும் இருக்கட்டும்னு நாந்தான் அப்புடி வச்சேன்.”

“எல்லாமே இருக்கா?”

“மொத நாள்லேர்ந்து.”

அவர் துண்டை எடுத்தார். வலது கையை மெதுவாகத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார். மார்ச்சிலிருந்து நான் பார்க்காத அசைவு அது. சந்தோஷப்பட வேண்டிய ஒன்று. நான் கன்ட்ரோலரைத் தரையில் வைத்தேன்.

“மொத நாளு கட்டவெரல் மட்டுந்தான் வந்துச்சு. அன்னைக்கே ஒங்கிட்டச் சொல்லணும்னுதான் ஒக்காந்திருந்தேன். நீ வர்றதுக்கு முந்தி மாமன் வந்துட்டான், டிக்கெட்டு டிக்கெட்டுன்னு.”

“போவலன்னு சொல்லிருக்கலாம்லப்பா?”

“என்னன்னு சொல்றது? அந்த வண்டிப் படியில திரும்பக் கால வைக்கணும்னு நெனச்சாலே ஒடம்பெல்லாம் ஒதறுதுத்தா. இத்தன வருசம் ஓட்டுனவன், பயமா இருக்குன்னு ஒங்கம்மாகிட்டச் சொல்லவா?”

“அம்மா ஊட்டிவிடுறாங்கப்பா. குளிப்பாட்டிவிடுறாங்க.”

நான் கோபமாகக் கேட்டேனா, அழுதுகொண்டே கேட்டேனா என்று யோசித்துப் பார்க்கிறேன், நினைவில்லை. அப்பா, “நாளைக்கு நோட்ட அவுககிட்டக் காட்டணும்ல?” என்று மட்டும் கேட்டார். நோட்டில் இன்றைய தேதியைக் காலையிலேயே எழுதிவைத்திருந்தேன். அதற்கு எதிரே வெறுமையாக இருந்தது. பதில் சொல்வதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. வலது கை மடியில் விழுந்து செத்துப்போனது. என் கண் முன்னால், ஒரு நொடியில்.

அம்மா பாலை அடுப்பில் வைத்துவிட்டு, தைலத்தைச் சூடுபண்ணி எடுத்துவந்தாள். அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள். தோளிலிருந்து கீழாக உருவிவிட்டாள். முழங்கை, மணிக்கட்டு, பிறகு ஒவ்வொரு விரலாக. கட்டைவிரலுக்கு வந்ததும் நிறுத்தினாள். விளக்கடியில் திருப்பிப் பார்த்தாள்.

“என்னங்க இது? கொப்பளம்?”

கட்டைவிரலின் நுனியில், பொத்தான் படும் இடத்தில், உளுந்து அளவுக்கு ஒரு கொப்புளம். இன்று பகலில் ஆடியபோது வந்ததாக இருக்கும்.

அப்பா என்னைப் பார்த்தார்.

“காத்தால...” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது. “காபி டம்ளரு பட்டுருச்சும்மா. நான்தான் கை பக்கத்துல வச்சுட்டேன். கவனிக்கல.”

“சுடச் சுடவா? இவுக ஒண்ணும் சொல்லலயா?”

அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவளுக்குத் தானாகவே ஒரு பதில் கிடைத்துவிட்டது. அது அவள் முகத்தில் வந்து இறங்கியதை நான் பார்த்தேன்.

“சுட்டதுகூடத் தெரியலயா ஒங்களுக்கு?” என்றாள். “இத்தன நாளு தேய்ச்சும் சூடுகூடத் தெரியலயா?”

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. அம்மா முந்தானையால் தைலத்தை ஒற்றியெடுத்துவிட்டு, அந்தக் கையை இரண்டு கைகளாலும் ஏந்தி, குனிந்து, கொப்புளத்தின்மேல் ஊதத் தொடங்கினாள். ஊதினாள், நிறுத்தினாள், மறுபடியும் ஊதினாள். அவள் கண்ணிலிருந்து வழிந்தது அப்பாவின் உள்ளங்கையில் சொட்டிக்கொண்டிருந்தது. எல்லாம் தெரிகிற அந்த ஐந்து விரல்களும், ஒன்றுகூட மடங்காமல், விரித்தது விரித்தபடி இருந்தன.