அகலக் கண்ணாடி

நோரியே குனிந்து வண்டியின் முன்பக்கத்திலிருந்த பட்டாம்பூச்சியைப் பிய்த்தெடுத்துக் கிமோனோவின் கைமடிப்புக்குள் போட்டுக்கொண்டாள். பிறகு பின்பக்கம் போய் அங்கிருந்ததையும் எடுத்தாள். பச்சை வட்டத்துக்குள் மஞ்சள் பட்டாம்பூச்சி. இந்த வண்டியை ஓட்டுகிறவருக்குக் காது கேட்காது, பார்த்து வாருங்கள் என்று மற்ற வண்டிக்காரர்களுக்குச் சொல்லும் காந்த வில்லை. அது இல்லாமல் ஓட்டுவது குற்றம்.

"ஒரு நாள்தானே!" என்றாள் நோரியே, நாத்தனாரின் முகத்துக்கு நேராக வாயை அகலத் திறந்து. "சாயங்காலம் திருப்பி ஒட்டிக்கலாம்."

"தப்பு. சட்டம்" என்றாள் தொமோயே. வீட்டுக்குள் மட்டும் பேச அனுமதி உள்ள குரல் அது.

வலது கையில் மாவுக்கட்டோடு தொமோயேயின் அண்ணன் ஷிகெமிட்சு வாசலுக்கு வந்தான். சீமைப்பனிச்சை மரத்தில் ஏறிப் பழம் பறிக்கப் போய் விழுந்து, போன வாரம்தான் மணிக்கட்டை உடைத்துக்கொண்டிருந்தான். "சட்டம் பேசுறா பாரு! என் கை நல்லா இருந்தா உன்னைக் கெஞ்சிக்கிட்டு நிப்பேனா? நல்ல நாளும் அதுவுமா ஊர்ல ஒரு டாக்ஸி கிடைக்கல."

நோரியேயும் லைசென்ஸ் வைத்திருப்பவள்தான். ஐந்து வருஷம் ஒரு பிழையும் செய்யாதவர்களுக்குத் தரும் தங்கக்கோடு போட்ட லைசென்ஸ். இருபது வருஷமாக அவள் வண்டியைத் தொட்டதே இல்லை. பிறகு பிழை எங்கிருந்து வரும்?

விஷயம் இதுதான். அண்ணன் மகள் வகானாவுக்கு ஒசாகாவில் உடன் வேலை பார்க்கும் பையனோடு கல்யாணம் பேசியிருந்தார்கள். இரண்டு வீட்டாரும் முதன்முறை ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் நாள் இன்று. பையனின் பெற்றோர் ரயிலில் வருகிறார்கள். அவர்களை மலைக்கு அந்தப் பக்கத்து ஸ்டேஷனிலிருந்து கடற்கரை உணவு விடுதிக்கு அழைத்து வர ஓர் ஆள் வேண்டும். வீட்டில் இப்போதைக்கு வண்டி ஓட்டக்கூடிய ஒரே ஆள் தொமோயே. ஆனால் இப்படி ஓர் அத்தை இருப்பதையே அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை.

நோரியே ஒரு ஜோடி வெள்ளைக் கையுறையை நீட்டினாள். "இதை மாட்டிக்க. வாடகை வண்டிக்காரின்னு நினைச்சுக்கட்டும். நாங்க ஒண்ணும் உன்னைப் பொய் சொல்லச் சொல்லல. நீ வாயைத் திறக்காம இருந்தாலே போதும். மதியத்துக்கு டப்பாவுல சோறு கட்டி வச்சிருக்கேன், வண்டியிலயே சாப்பிட்டுக்க."

"அத்தைக்குக் காது கேக்காதுன்னா, நாளைக்குப் பொறக்கிற குழந்தைக்கும் வருமோன்னு கேப்பாங்கல்ல? பொண்ணு வாழ்க்கை தொமோயே, புரிஞ்சுக்க" என்றான் அண்ணன்.

அவளுக்குக் காது போனது இரண்டு வயதில் வந்த காய்ச்சலில். ரத்தத்தில் வந்ததல்ல. ரத்தத்தில் வந்திருந்தால் மட்டும் மனுஷியை வண்டிக்குள் ஒளித்து வைக்கலாமா என்பது வேறு விஷயம்.

தொமோயே வகானாவைப் பார்த்தாள். அவள் முதுகில் தூங்கி வளர்ந்த பெண். செருப்பு மாட்டிக்கொண்டிருந்த வகானா தலை நிமிரவில்லை. அது கத்தியால் குத்தினது போல இருந்தது.

அவள் கையுறையை வாங்கிக்கொண்டாள். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மசியவில்லை. காரின் உள்கண்ணாடிமேல் மாட்டும் தன்னுடைய அகலக் கண்ணாடியை எடுத்து வந்து மாட்டினாள். நோரியே அதையும் எடுக்கக் கை நீட்டியபோது சாவியை இருக்கைமேல் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றாள். நோரியே கையை இழுத்துக்கொண்டாள்.

அந்தக் கண்ணாடி அவளுக்குச் சும்மா வந்ததல்ல.

ஏழு வயதில் அம்மாவோடு கடைத்தெருவில் நடந்துபோகும்போது பின்னாலிருந்து வந்த சைக்கிள் அவளை இடித்துத் தள்ளியது. முழங்கால் கிழிந்து ரத்தம். அம்மா அவளைத் தூக்கவில்லை. சைக்கிள்காரனுக்கு முன்னால் இடுப்பொடியக் குனிந்து, "மன்னிச்சுக்கோங்க, இது செவிடு, நான்தான் பாத்துக்கல" என்று மன்னிப்புக் கேட்டாள். பின்னால் எது வந்தாலும் குற்றம் தன்னுடையது என்று தொமோயே அன்று கற்றுக்கொண்டாள். பள்ளியில் கற்றதெல்லாம் மறந்தது, இது மறக்கவில்லை.

சட்டம் மாறி, கண்ணாடியும் பட்டாம்பூச்சியும் இருந்தால் காது கேட்காதவர்களும் ஓட்டலாம் என்று வந்தபோது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. அவள் வேலை பார்த்த சலவைக் கூடத்துக்குப் போகும் பஸ்ஸையும் நிறுத்திவிட்டார்கள். ஓட்டக் கற்கப் போகிறேன் என்று எழுதிக் காட்டினாள். அண்ணன் சிரித்தான். "எவன் குழந்தையையாவது ஏத்திக் கொன்னுட்டு வந்து நில்லு. நான் போய் அவன் வாசல்ல விழறேன்." அவன் சொன்னதைவிட, தானும் அப்படித்தான் நினைக்கிறோம் என்பதுதான் அவளைச் சுட்டது.

போன முதல் பள்ளியில் கையை விரித்தார்கள். இரண்டாவதில் குசாகாபே என்று ஒரு சிடுமூஞ்சிப் பயிற்சியாளர் கிடைத்தார். மனிதர் வாயில் எப்போதும் புதினா மிட்டாய். அதை ஒதுக்கிக்கொண்டு பேசினால் உதடு என்ன சொல்கிறது என்று தெய்வத்துக்கும் தெரியாது. அவர் பேசுவது தெரிய அவள் திரும்ப வேண்டும். திரும்பினால் வண்டியும் திரும்பியது. பயிற்சி மைதானத்தின் வேலியில் ஒருமுறை, கூம்புகளின்மேல் பலமுறை. பிறகு அவர் கட்டை விரலால் இடம், வலம் காட்டப் பழகினார். வண்டி நேரானது. ஆனால் தேர்வில் தோற்றாள். மறுபடியும் தோற்றாள்.

ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று பார்த்தாள், சரியாகத் திருப்பினாள். திருப்பியதும் சட்டென்று தேர்வாளரின் முகத்தைப் பார்த்தாள். சரியா? கோபமா? இன்னும் போகலாமா? சாலையைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தார் என்று இரண்டு முறையும் எழுதினார்கள். பிறந்த வீட்டில் அம்மா முகம், பள்ளியில் டீச்சர் முகம், இப்போது அண்ணி முகம் என்று முகம் பார்த்தே நாளைக் கழித்தவளுக்கு யாரையும் கேட்காமல் ஒரு தெருமுனையைக் கடக்கத் தெரியவில்லை. நமக்கு இது ஆகாது என்று அன்று ராத்திரி குளியல் தொட்டிக்குள் உட்கார்ந்து அழுதாள். கேட்க ஆளில்லாத அழுகை என்று அவள் நினைத்திருந்தாள். அடுத்த அறைவரை கேட்டது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள் மருந்துக்கடையில் ஜலதோஷத்துக்குப் போடும் முகமூடி ஒரு கட்டு வாங்கிப் போய்க் குசாகாபேயிடம் கொடுத்து, "இதைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று எழுதிக் காட்டினாள். உதடு பார்த்துப் பிழைக்கும் பெண் உதட்டை மூடச் சொல்கிறாளே என்று மனிதர் ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு மிட்டாயைத் துப்பிவிட்டு முகமூடியை மாட்டினார். பார்க்க முகம் இல்லாமல் போனதும் முதல் இரண்டு நாள் அவள் முகமூடியையே பார்த்தாள். மூன்றாம் நாள் சாலை தெரிய ஆரம்பித்தது. அகலக் கண்ணாடியில் பின்னால் வருவதெல்லாம் தெரிந்தது. லாரி, சைக்கிள், ஸ்கூல் பஸ். அவளுடைய முதுகுக்குப் பின்னாலும் உலகம் இருக்கிறது என்று நாற்பத்து மூன்று வயதில்தான் கண்டாள்.

அடுத்த தேர்வில் தேறினாள்.

அண்ணன் வீட்டாரை முதலில் விடுதியில் இறக்கிவிட்டு அவள் போனபோது, ஸ்டேஷனில் பையனின் பெற்றோர் தகிமோதோ தம்பதி பரிசுப் பொட்டலங்களோடு நின்றிருந்தார்கள். எழுபதைத் தொடும் மனிதர்; அவரைவிடச் சின்னவளான, கழுத்தில் முத்துமாலை போட்ட மனைவி. தொமோயே குனிந்து வணங்கிக் கதவைத் திறந்துவிட்டாள். அந்த அம்மாள் என்னவோ கேட்டாள். தொமோயே இன்னொரு முறை குனிந்தாள். மரியாதை தெரிந்த டிரைவர் என்று நினைத்திருப்பார்கள்.

மலைப்பாதை இறங்கியதும் ரயில்வே கேட் மூடியிருந்தது. சிவப்பு விளக்குகள் மாறி மாறி எரிந்தன. சரக்கு ரயில் ஒன்று பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. கைப்பிரேக்கைப் போட்டுவிட்டுப் பின்னால் பார்த்தாள்.

கண்ணாடியில் தகிமோதோ அம்மாளின் முகம் முழுசாகத் தெரிந்தது. அவள் புருஷன் பக்கம் திரும்பி உதட்டை மட்டும் அசைத்தாள். முன்னால் இருக்கும் டிரைவர் காதில் விழக்கூடாதாம்! ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, பள்ளிக்கூடத்து டீச்சரைவிடத் தெளிவாக. பிறந்தது முதல் தொமோயேயின் முன்னால் யாரும் இவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை.

"அதைக் கழட்டுங்க."

பெரியவர் தன் காதைத் தொட்டார்.

"ஆமா, அதைத்தான். பையில போட்டுக்கோங்க. இப்பவே செவிடுன்னு தெரிஞ்சா, இந்தக் கிழவனைப் பாத்துக்கிற வேலை நம்ம பொண்ணு தலையிலன்னு பயந்துடுவாங்க. நான் முட்டியை ஒரு தட்டு தட்டினா தலையாட்டுங்க. ரெண்டு தட்டினா சிரிங்க. புரிஞ்சுதா?"

பெரியவர் காதிலிருந்து மொச்சைக்கொட்டை அளவில் இருந்த காது மிஷினை எடுத்துக் கோட்டின் உள்பையில் போட்டுக்கொண்டார். அவர் முகம் அணைந்தது. உட்கார்ந்த இடத்திலேயே ஆள் வெளியே போய்விட்டார். அந்த முகத்தைத் தொமோயேவுக்குத் தெரியும். புத்தாண்டுச் சாப்பாட்டில் எல்லோரும் சிரிக்கும்போது அவளும் சிரிப்பாளே, அப்போது அவளுக்கு இருக்கும் முகம். அண்ணன் வீட்டார் ஒரு செவிட்டை வண்டியில் ஒளிக்கிறார்கள். சம்பந்தி வீட்டார் ஒரு செவிட்டைக் கோட்டுக்குள் ஒளிக்கிறார்கள். இரண்டு திருட்டுக்கும் சேர்த்து இவள் வண்டி ஓட்ட வேண்டும்.

கேட் திறந்தது. பின்னால் நின்ற லாரிக்காரன் கையை ஆட்டினான், ஹாரனும் அடித்திருப்பான். அவள் அவசரப்படவில்லை. இரண்டு பக்கமும் பார்த்தாள், தண்டவாளத்துக்கு அப்பால் இடம் இருக்கிறதா என்று பார்த்தாள், பிறகு போனாள்.

விடுதி வாசலில் அண்ணனும் அண்ணியும் குனிந்த தலை நிமிராமல் வரவேற்றார்கள். வகானாவும் பையனும் பின்னால் நின்றார்கள். தொமோயே எஞ்சினை அணைத்தாள். கையுறைகளைக் கழற்றி இருக்கையில் வைத்தாள். இறங்கினாள்.

நோரியே கண்ணாலேயே 'வண்டிக்குள்ள போ' என்றாள். அண்ணனின் முகம் என்ன சொல்கிறதென்று தொமோயே பார்க்கவில்லை.

"நான் வகானாவோட அத்தை" என்றாள் சத்தமாக. எவ்வளவு சத்தம் என்று அவளுக்குத் தெரியாது. கேட்டவர்கள் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரல் என்று சொல்வார்கள். "பேரு தொமோயே. எனக்குக் காது கேக்காது. வண்டி நல்லா ஓட்டுவேன்."

தகிமோதோ அம்மாளின் கையிலிருந்த பொட்டலம் நழுவியது. பெரியவர் ஒன்றும் காதில் விழாமல் மனைவியைப் பார்த்தார். "என்ன சொல்றாங்க?"

"ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்" என்றாள் அவள்.

உள்ளே ஆறு பேருக்குத்தான் இலை போட்டிருந்தது போல ஆறு திண்டுகள். ஆறு பேரும் உட்கார்ந்தார்கள்; தொமோயே நின்றாள். வகானா எழுந்து தன் திண்டை மேசையின் கடைசியில், பெரியவருக்கு எதிரே போட்டுவிட்டுத் தான் வெறும் பாயில் உட்கார்ந்தாள். அவள் காது நுனிவரை சிவந்திருந்தது. அத்தையின் முகத்தைப் பார்க்க அவளுக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

சாப்பாடு நடந்தது. அண்ணன் வாய் ஓயாமல் பேசினான். "உங்க பக்கம் இந்த வருஷம் பனி அதிகமோ?" என்று கேட்டான். பெரியவர் இரண்டு தட்டு வாங்கிக்கொண்டு சிரித்தார். "உங்க அம்மா தவறி ரெண்டு வருஷம் ஆச்சாமே?" என்றான். அதற்கு ஒரு தட்டு விழவேண்டிய இடத்தில் இரண்டு தட்டு விழுந்துவிட்டது; பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார்.

தொமோயே சாப்பாட்டுக் குச்சி வந்த காகித உறையைப் பிரித்து நீவினாள். பேனாவை எடுத்து, "உங்கள் அம்மாவைப் பற்றிக் கேட்கிறார்" என்று எழுதிப் பெரியவர் பக்கம் தள்ளினாள். அவர் படித்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அம்மாவைப் பற்றி அவரே பேசினார். கொஞ்சம் உரக்கத்தான் பேசினார். அதன்பின் உறை மேசையின் குறுக்கே போய் வந்துகொண்டிருந்தது. எழுத்தெல்லாம் காது கேட்காத தொமோயேவுக்காகத்தான் என்று அண்ணன் நினைத்துக்கொண்டான். மனைவியின் கை முட்டியைத் தட்டித் தட்டி அலுத்துப்போனது.

கல்யாணத்தைப் பற்றி, வீட்டில் கலந்து பேசிச் சொல்கிறோம் என்றார்கள். அண்ணன் தொமோயேயின் தோளைப் பிடித்துத் திருப்பி, "இது நின்னுச்சுன்னா அதுக்கு நீதான் காரணம்" என்றான். அவள் உள்ளங்கையை நீட்டினாள். அவனுக்குப் புரியவில்லை. நோரியேவுக்குப் புரிந்தது, கைமடிப்பிலிருந்து வில்லைகளை எடுத்துக் கொடுத்தாள். இரண்டையும் ஒட்டிய பிறகுதான் தொமோயே வண்டியை எடுத்தாள்.

ஸ்டேஷனில் பெரியவர் குனிந்து வணங்கிவிட்டு டிக்கெட் வாங்கப் போனார். அந்த அம்மாள் போகவில்லை. தொமோயேயின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அக்கம்பக்கம் பார்த்து, சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள்.

"உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கிறேன். வீட்டுக்காரருக்குக் காது கேக்காதுன்னு உங்க அண்ணன் வீட்டுல சொல்லிடாதீங்க. கல்யாணம் முடியுற வரைக்கும். வெளிய தெரிஞ்சா அசிங்கம்."

யாரிடம் எதைச் சொல்கிறோம் என்று அவளுக்கு உறைத்ததாகவே தெரியவில்லை. கண்களில் நிஜமான கெஞ்சல்.

தொமோயே கையை விடுவித்துக்கொண்டாள். "சத்தமா சொல்லுங்க அம்மா" என்றாள், பிளாட்பாரம்வரை கேட்கும் குரலில். "மெதுவா சொன்னா உங்க வீட்டுக்காரருக்குக் கேக்காது."

டிக்கெட் ஜன்னலில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவரும் திரும்பினார்.