மூன்று வாஷர்

டாக்டர் காரின் டர்போ செத்துப்போனதுகூடப் பரவாயில்லை. அண்ணன் அதற்கு மன்னிப்புக் கேட்டானே, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. தனக்காகக் கேட்டிருந்தால் கேட்டுத் தொலையட்டும் என்று விட்டிருப்பாள். அவன் கேட்டது அவளுக்காக.

"பாப்பாகிட்ட அந்த வேலையைக் கொடுத்தது என் தப்புதான் டாக்டர். இனிமே டர்போ பக்கமே அவளை விடமாட்டேன். ஆயில் மாத்துறது, ஃபில்டர் மாத்துறதோட நிக்கட்டும்."

பாப்பாவுக்கு வயது முப்பத்தாறு. பதினான்கு வருடமாக இந்த ஒர்க்‌ஷாப்பின் ஜன்னலோர மேசை அவளுடையது. இரும்பைக் கவ்விப் பிடிக்கும் அந்த வைஸும், இழுப்பறையில் அளவு வாரியாக அடுக்கிய ஸ்பிரிங்குகளும், சுவரில் மாட்டியிருக்கும், காற்றை உறிஞ்சி முள்ளில் அளவு காட்டும் கை பம்பும் அவள் தேடித் தேடிச் சேர்த்தவை. ஒரு வாக்கியத்தில் அத்தனையையும் அண்ணன் துடைத்துப் போட்டுவிட்டான். அதுவும் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

பல் டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாளெல்லாம் அடுத்தவர்களை வாயைத் திறக்கச் சொல்லிப் பழகியவர், தன் வாயை மூடும் பழக்கம் அவருக்கு இல்லை. "நான் அன்னைக்கே நினைச்சேன். சின்னச் சின்ன வேலையெல்லாம் பொம்பளைங்க நல்லாத்தான் செய்வாங்க. இது வேற விஷயம் இல்லையா?" என்றார்.

சின்னச் சின்ன வேலையாம். இரண்டு மாதத்துக்கு முன் இதே மனிதர் இதே இடத்தில் நின்று, எங்கேயோ போய் டர்போவின் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டு வந்ததாகவும், ஆனாலும் வண்டி பாதியிலேயே மூச்சு வாங்குகிறது என்றும் புலம்பியவர்தானே. மூன்று ஒர்க்‌ஷாப் ஏறி இறங்கியும் யாருக்கும் பிடிபடாததை அவள்தான் பத்து நிமிடத்தில் பிடித்தாள். கம்பெனி போட்டு அனுப்பிய டைவர்ட்டர் வால்வு.

டர்போ காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் கதவைச் சாத்திக்கொள்ளும். அமுக்கிய காற்றுக்குப் போக்கிடம் இருக்காது. அப்போது இந்த வால்வு திறந்து அதைப் பின்பக்கம் திருப்பிவிடும். உள்ளே ஒரு ரப்பர் சவ்வு, ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். டாக்டர் கூட்டிய அழுத்தத்துக்கு அந்த ஸ்பிரிங் போதவில்லை. மூடியிருக்க வேண்டிய நேரத்தில் விரல் இடைவெளி திறந்து காற்றைக் கசியவிட்டது.

ஸ்பிரிங்குக்கு அடியில் அவள் ஒரு மில்லிமீட்டரில் ஒரே ஒரு வாஷர் வைத்தாள். கை பம்பை மாட்டி இழுத்துப் பார்த்தாள். முன்பு முள் எட்டைத் தொட்டபோது திறந்த வால்வு இப்போது பத்தில் திறந்தது. அது போதும். அதற்கு மேல் ஒரு நூல் வைத்தாலும் மூடியிருப்பது மட்டும்தான் வால்வுக்குத் தெரியும், திறக்கத் தெரியாது. மூடியை மாட்டி, மூடிக்கும் வால்வின் உடம்புக்கும் குறுக்கே ஊசியால் ஒரு கோடு கீறினாள். தான் தொட்ட எதிலும் அவள் அந்தக் கோட்டைப் போடுவாள்; பிறகு யாராவது திறந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். வண்டி சும்மா பிய்த்துக்கொண்டு போயிற்று. டாக்டர் அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அண்ணனின் கையை!

"இந்த வண்டி எப்படி இருந்துச்சு தெரியுமா?" டாக்டர் இப்போது போனை எடுத்தார். "பாருங்க. இப்படி இருந்த வண்டியை நாசம் பண்ணிட்டீங்க."

வீடியோவில் கார் சீறிக்கொண்டு வந்தது. காலை எடுத்ததும் 'சுத்துத்துத்து' என்று ஒரு படபடப்பு. கூட இருந்தவர்கள் விசிலடித்தார்கள். இன்னொரு முறை ஓட்டினார், இன்னொரு முறை படபடத்தது.

ரசித்துக் கேட்கிறார்களே, பாவிகள்! போக்கிடம் இல்லாத காற்று, லட்சம் சுற்றில் ஓடும் சக்கரத்தின் மேலேயே திரும்பி மோதும் சத்தம் அது. ஒவ்வொரு துடிப்பும் பேரிங்கில் விழுகிற அடி. அவள் பூட்டிய வால்வு அந்தச் சத்தத்தைப் போடாது. போடவே முடியாது.

"எப்போ எடுத்த வீடியோ இது?"

"போன மாசம். ஒரு ஞாயித்துக்கிழமை." டாக்டர் தேதியைக் காட்டினார்.

அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, அவள் ஒர்க்‌ஷாப்புக்கு வரவில்லை. மகளின் பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயம். பதினான்கு வருடத்தில் எடுத்த சொற்ப லீவில் ஒன்று. அவள் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தரையில் எதையோ தேடினான்.

"வால்வைக் கழட்டுறேன்," என்றாள்.

"இப்ப எதுக்கு அது? டர்போதானே போச்சு," என்றான் அண்ணன் அவசரமாக. "விடு பாப்பா. ஆனது ஆச்சு."

"யாருக்கு ஆச்சு?"

அவள் கேட்டுக்கொண்டே ஸ்பேனரை எடுத்துவிட்டாள். வால்வு கைக்கு வந்தது. மூடியின் மேலிருந்த அவள் கோடு ஒரு பக்கமும், உடம்பிலிருந்த கோடு இன்னொரு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தன. நான்கு குட்டி ஸ்க்ரூவைக் கழற்றி மூடியைத் திறந்தாள். உள்ளே நீல கிரீஸ் அப்பியிருந்தது.

நீல கிரீஸ்! கதவுக் கீல் முதல் சைக்கிள் பெடல் வரை எதற்கும் அதை அள்ளி அப்புகிறவன் இந்த ஒர்க்‌ஷாப்பில் ஒருவன்தான். அது பட்டால் ரப்பர் ஊதிப்போகும் என்று அவள் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போன விஷயம். ஊதித்தான் போயிருந்தது. ஸ்பிரிங்கை எடுத்துத் தட்டினாள். மேசையில் வாஷர்கள் விழுந்தன. ஒன்று, இரண்டு, மூன்று.

டாக்டர்தான் வாயைத் திறந்தார், வழக்கம்போல. ஆனால் இந்த முறை அண்ணனைப் பார்த்து.

"நீங்கதானே சொன்னீங்க, ஒரு வாஷருக்கே இவ்வளவு இழுக்குதுன்னா மூணு போட்டா மூணு மடங்கு இழுக்கும், ஒண்ணும் ஆகாதுன்னு?"

அண்ணன் செய்தான், சரி. மடத்தனம், சரி. ஆனால் இந்த ஆளும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தேதான் ஒருவர் பொம்பளை கை என்றார், இன்னொருவன் தலையாட்டி மன்னிப்புக் கேட்டான்.

"அப்போ நீங்க இங்கதான் இருந்தீங்க," என்றாள்.

"நான் சும்மா காபி குடிச்சுட்டு..."

"காபி குடிச்சுட்டே பார்த்தீங்க. பார்த்துட்டு என் தலையில கட்டுறீங்க."

கை பம்பை எடுத்து அண்ணன் கையில் திணித்தாள். மூன்று வாஷரையும் திரும்ப உள்ளே போட்டு மூடினாள். "இழு."

"பாப்பா..."

"இழுண்ணே."

இழுத்தான். முள் பத்தைத் தாண்டியது, பதினைந்தைத் தாண்டியது, இருபதில் வந்து நின்றது. வால்வு அசையவில்லை. அவள் திறந்து இரண்டு வாஷரை வெளியே எறிந்தாள், தன் ஒன்றை மட்டும் வைத்து மூடினாள். "இப்ப இழு." ஊதின ரப்பராக இருந்தும் பதினொன்றில் 'டப்' என்று திறந்தது. அந்தச் சத்தம் டாக்டருக்கே கேட்டது.

"சரி, புரிஞ்சுது. வீட்டுல போய்ப் பேசிக்கலாம்," என்றான் அண்ணன் தணிந்த குரலில்.

"வீட்டுலயா எனக்குக் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்த? இங்கதானே?"

சுவரில் ஜாப் கார்டுகள் தொங்கும் பலகைக்குப் போனாள். இரண்டு மாதத்துக்கு முந்தைய கார்டை உருவி மேசையில் வைத்தாள். 'வேலை செய்தவர்' என்ற கட்டத்தில் அண்ணனின் கையெழுத்து, வாலை நீட்டிக்கொண்டு. எல்லாக் கார்டிலும் அப்படித்தான். பதினான்கு வருடமாக அவளும் அதைக் கேட்டதில்லை.

"நல்லா ஓடினப்போ கையெழுத்து உன்னோடது. உடைஞ்சதும் கை மட்டும் என்னோடதா?"

அவள் ஒரு புதுக் கார்டை எடுத்து, பேனாவோடு அவன் முன் வைத்தாள். 'பழுதுக்குக் காரணம்' என்ற கட்டத்தில் விரலை வைத்தாள். அவன் டாக்டரைப் பார்த்தான். டாக்டர் தன் ஷூவைப் பார்த்தார். அவன் எழுதினான்: வால்வில் கூடுதலாக இரண்டு வாஷர் போடப்பட்டது.

"தானா போய் உட்கார்ந்துக்கிச்சா?"

கடைசிச் சொல்லை அடித்தான். 'நான் போட்டேன்' என்று எழுதினான். அவளுக்குப் பாவமாக இருந்தது. இருந்தாலும் அவன் எழுதி முடிக்கும்வரை அவள் விரலை எடுக்கவில்லை.

பிறகு பேனாவை வாங்கி, 'வேலை செய்தவர்' என்ற கட்டத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள். பழக்கமில்லாததால் எழுத்து கட்டத்துக்கு வெளியே போயிற்று. போகட்டும் என்று விட்டாள்.

"புது டர்போ வர ஒரு வாரம் ஆகும் டாக்டர். ஏதாவது கேக்கணும்னா என்கிட்ட கேளுங்க," என்றாள்.

டாக்டர் தலையாட்டினார். அவள் ஜன்னலோரம் போய் உட்கார்ந்து, தன் வாஷரிலிருந்த நீல கிரீஸைத் துணியால் துடைக்க ஆரம்பித்தாள்.

"அண்ணே, கழட்டி வெச்சிருக்கிற அந்தப் பழைய டர்போவை இங்க எடுத்துட்டு வா."

அண்ணன் எடுத்துக்கொண்டு வந்து அவள் மேசையில் வைத்தான்.